முப்பது வரை எண்ணச் சொன்ன அடுப்பு

"நாடா கட்டினீங்கன்னா, நான் சிலிண்டரை மூடிட்டு சைக்கிள் ஏறிப் போய்க்கினே இருப்பேம்மா. அப்புறம் உங்க இஷ்டம்."

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. ராகு காலம் பிறக்கக் கால் மணி நேரம்தான் பாக்கி. என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். என்னிடம்! வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிற என்னிடம்!

கோபம் வந்ததா? வந்தது. அவர் சொன்னது நியாயமா? அப்போது தெரியவில்லை. பத்து நிமிஷம் கழித்துத் தெரிந்தது... நன்றாகவே தெரிந்தது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு காஸ் அடுப்பு வந்தது. அல்சூரில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் காஸ் அடுப்பு. கடையில் வாங்கியது இல்லை. எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பாக்டரியில் மெஷின்களை நிறுவிக்கொடுக்க ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார். காண்டிராக்ட் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை எல்லாம் விற்றார். பாக்டரியே திரண்டுபோய் அவர் வீட்டு வாசலில் நின்றது. ஒருவர் பிரிட்ஜை வாங்கினார். ஒருவர் கட்டிலை வாங்கினார். ஒருவர் நாயை வாங்கினார் — அதற்கு ஜெர்மன் பாஷை மட்டும்தான் புரியும் என்று பிறகுதான் தெரிந்ததாம். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு பர்னர் காஸ் அடுப்போடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

பதினாலு வருஷக் குடித்தனத்தில் என்னைக் கேட்காமல் அவர் செய்த ஒரே நல்ல காரியம் இது. 'பரவாயில்லையே, நாம் கரிப் புகையில் கஷ்டப்படுவது இந்த மனுஷர் கண்ணிலும் பட்டிருக்கிறதே' என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. அன்று அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன்.

கீழ் வீட்டு ஜயம்மா — எங்கள் வீட்டுச் சொந்தக்காரி, கன்னடக்காரி, நல்ல மனுஷி — சிலிண்டர் மாடி ஏறுவதைப் பார்த்துவிட்டு மார்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஏன்ரீ, மனேகே பாம்ப் தந்தித்தீரா?" என்றாள். வீட்டுக்கு வெடிகுண்டா கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாளாம். "இல்லீங்க, இதுல சமையல் பண்ணலாம்" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அடுப்புப் பற்றவைக்கும்போது தன்னைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பயம் வேறு, வேடிக்கை வேறு இல்லையா?

வெடிகுண்டு என்றவுடன் சிரிக்காத ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். சரசா.

சரசா எங்கள் வீட்டுக்காரரின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கன்டோன்மென்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, இதே சமையலறையில், கரி அடுப்புக்குத் துணையாக வைத்திருந்த பம்ப் ஸ்டவ் வெடித்தது.

பம்ப் ஸ்டவ் இல்லாத வீடு ஏது? பித்தளை வயிறும் மூன்று காலுமாக ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறோம். கெரசின் ஊற்றுகிறோம், பம்ப் அடிக்கிறோம், அடைத்துக்கொண்டால் ஸ்டவ் பின்னை விட்டுக் குத்துகிறோம். அன்றைக்குக் குத்தியும் சரியாக எரியவில்லை என்று சரசா இன்னும் நாலு பம்ப் அடித்தாள். அவ்வளவுதான். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரம். அந்த அவசரத்துக்குத் தண்டனை ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுருங்கிப்போன ஒரு வலது கை.

விரல்கள் தப்பின. டைப் அடித்தாள், எழுதினாள், தலை பின்னிக்கொண்டாள். ஆனால் சமையலறை வாசற்படியை மட்டும் அதற்குப் பிறகு அவள் தாண்டியதே இல்லை. தீக்குச்சி உரசுகிற சத்தம் அடுத்த அறையில் கேட்டால்கூட முகம் வெளுத்துவிடும். கோயிலில் கற்பூரம் காட்டும்போது தூண் மறைவுக்குப் போய்விடுவாள். சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான். நாங்கள் ஒருமுறை கல்யாணத்துக்காக வேலூர் போய்விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். அந்த இரண்டு நாளும் அவள் பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டுக் காலம் தள்ளியிருந்தாள். வென்னீர்கூட இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுப்பு வந்த அதே வாரத்தில் சரசாவுக்கு ஆபீஸில் புரமோஷன் வந்தது. ஸ்டெனோகிராபர் வேலை, மெட்ராஸ் ஹெட் ஆபீஸில். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதே ஆபீஸில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் திருவல்லிக்கேணியில் ஒரு போர்ஷன் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். மூன்றாவதாக இவளையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று... முறை வைத்துச் சமைக்க வேண்டும்.

சரசா என்ன செய்தாள்? 'தங்கள் அன்புக்கு நன்றி, இயலாத நிலையில் இருக்கிறேன்' என்று ஆபீஸுக்கு ஒரு கடிதம் டைப் அடித்து வைத்துவிட்டாள். 

"ஏன்டி?" என்று கேட்டேன்.

"மெட்ராஸ் வெயில் எனக்கு ஒத்துக்காது அண்ணி."

வெயிலாம்! இந்தப் பெண் ஆறு வருஷமாக ஷார்ட்ஹாண்டு கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி, காத்திருந்து வாங்கிய வேலை. எது ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என்ன பேசுவது? 'பயப்படாதே' என்று சொன்னால் பயம் போய்விடுமா? சொல்கிறவருக்கு வேண்டுமானால் திருப்தி. நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று என் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. யோசிக்க வேண்டும் என்று சரசா லீவு போட்டிருந்தாள். வீட்டுக்காரர் பாக்டரிக்குப் போய்விட்டார். காஸ் ஏஜென்சியிலிருந்து ஒன்பது மணிக்கு வருகிறேன் என்ற பிட்டர் பத்துக்குக் கால் மணி இருக்கும்போது வந்தார்.

அவர் பெயர் மோசஸ். மர்பி டவுனில் வீடு. என் வயதுதான் இருக்கும். காக்கி பான்ட், காதில் பென்சில். பையிலிருந்து ஸ்பேனர்களை எடுத்து வைத்தார். பிறகு ஒரு சிகரெட் டின்னையும் ஷேவிங் பிரஷ்ஷையும் எடுத்து வைத்தார். 'இதென்ன, இங்கேயே முகச்சவரமா?' என்று பார்த்தேன். டின்னில் சோப்புத் தண்ணீர். குழாய் சேரும் இடங்களில் எல்லாம் நுரையைத் தடவிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். குமிழி வந்தால் காஸ் கசிகிறது என்று அர்த்தமாம். ஓரிடத்தில் கடுகு அளவு ஒரு குமிழி வந்தது. முழுக்கக் கழற்றி மறுபடி பூட்டினார். மறுபடி நுரை. மறுபடி குனிந்து பார்வை.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரைக்கு ராகு காலம்.

"கொஞ்சம் ஜல்தியா பண்ணுங்களேன்."

"ஆச்சும்மா, ஸ்வல்ப இருங்க. இது ஜல்தி வேலை இல்ல."

இங்கே என் ஏற்பாடுகளையும் சொல்ல வேண்டும். அடுப்பு மேஜை மேல். அதற்கு முன்னால் தரையில் செம்மண் கரையிட்டுக் கோலம் போட்டிருந்தேன். கோலத்தின் மேல் பலகை, பலகையில் தட்டு, தட்டில் வெற்றிலை, பழம், கற்பூரம். அடுப்பின் வெள்ளை எனாமலில் மூன்று இடத்தில் மஞ்சளும் குங்குமமும். கனகாம்பரச் சரம் ஒன்றைப் பர்னரைச் சுற்றியே வைத்திருந்தேன். மோசஸ் அதை மெதுவாக எடுத்துச் சிலிண்டர் கழுத்தில் போட்டார். "இவருக்குப் போடுங்கம்மா, இவருதான் மாப்ள" என்றார். வேடிக்கை பார்க்க மாடி ஏறி வந்திருந்த ஜயம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சரசா சமையலறைக்கு வெளியே, வழக்கமான இடத்தில், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மோசஸ் அடுப்பை விளக்கினார். அதன் நடுவில் உளுந்து அளவுக்கு ஒரு குட்டிச் சுடர் எப்போதும் எரியும். அதற்குப் பைலட் என்று பெயர். அதை ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும். பிறகு எந்தப் பர்னரின் குமிழைத் திருப்பினாலும் அந்தச் சுடரிலிருந்து அதுவே பற்றிக்கொள்ளும். தீப்பெட்டியே வேண்டாம்.

"தீப்பெட்டி வேணாமா?"

கேட்டது சரசா. மூன்று வருஷத்தில் அடுப்பைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி.

"வேணாம் சிஸ்டர். பைலட் ஏத்தறதுக்கு மட்டும் ஒரே ஒரு குச்சி."

பைலட்டை ஏற்ற ஒரு சிவப்பு பட்டன். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு குச்சியைக் காட்ட வேண்டும். சுடர் வந்த பிறகும் பட்டனை விடக்கூடாது, முப்பது எண்ணும் வரை. ஏன்? சுடருக்குப் பக்கத்தில் தீக்குச்சி பருமனில் ஒரு செம்புக் குச்சி நிற்கிறது. அது சூடாக வேண்டும். சூடானால்தான் உள்ளே இருக்கும் கதவு திறந்தபடி நிற்கும்.

முதல் தீ வீட்டுக்காரி கையால்தான் என்று சொல்லிவிட்டு நான் முன்னால் போனேன். பட்டனை அழுத்தினேன். குச்சியைக் காட்டினேன். சுடர் வந்தது! ஜயம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பட்டனை விட்டேன். சுடர் அணைந்தது.

"பன்னெண்டுதாம்மா எண்ணுனீங்க."

இரண்டாவது தடவை. குச்சி விரலைச் சுட்டது, விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை ஜயம்மா ஏதோ கேட்டாள், திரும்பினேன், விட்டுவிட்டேன். மணி பத்தே கால். எனக்கு வியர்த்துவிட்டது. இந்த வெள்ளியை விட்டால் அடுத்த வெள்ளி தேய்பிறை. ஒரு வாரம் அடுப்பைப் பொம்மை மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதா?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. உள்ளே போய் ஒரு பாவாடை நாடாவை உருவிக்கொண்டு வந்தேன். "இந்தப் பட்டனை இதால இழுத்துக் கட்டிட்டா என்ன? கையும் வலிக்காது, எண்ணவும் வேணாம். தினம் யாரு இதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது?"

அதற்குத்தான் மோசஸ் மேலே நான் எழுதியபடி பதில் சொன்னார். சொன்னதோடு இல்லாமல் சிலிண்டர் திருகின் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"என்னங்க இது, எங்க வீட்டு அடுப்பு..."

"அடுப்பு உங்களுதும்மா. கனெக்சன் என் கைவேலை. எங்கப்பா கோலார் சுரங்கத்துல இருந்தாரு. அண்டர்கிரவுண்டுல பாறைக்கு வெடி வைப்பாங்க. பத்து வெடி வெச்சா பத்து சத்தத்தை எண்ணணும். ஒம்போதுதான் கேட்டுச்சுன்னா ஒருத்தனும் உள்ள கால் வைக்க மாட்டான். ஷிப்டு போனா போவுது, கூலி போனா போவுது. எண்ணிக்கைன்னா எண்ணிக்கைதான். நீங்க முப்பது எண்ணுங்க. நானும் கூட எண்றேன்."

அதிகப்பிரசங்கி என்று மனசுக்குள் திட்டினேன். ஆனால் ராகு காலம் யாருக்காகவும் காத்திருக்காதே? பட்டனை அழுத்தினேன். குச்சியைக் காட்டினேன். அவர் எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு, நிதானமாக. ஜயம்மா கன்னடத்தில் கூடவே எண்ணினாள். இருபதுக்கு மேல் நிலைப்படியிலிருந்தும் ஒரு குரல் மெதுவாகச் சேர்ந்துகொண்டது.

முப்பது. விட்டேன். சுடர் நின்றது.

குமிழைத் திருப்பினேன். 'புப்' என்று ஒரு சின்னச் சத்தம். நீல வட்டமாகப் பர்னர் பற்றிக்கொண்டது. புகை இல்லை, ஊதல் இல்லை, பம்ப் இல்லை, பின் இல்லை. கரி அடுப்போடு பதினாலு வருஷம் மல்லாடியவளுக்கு அந்த நீல வட்டம் எப்படி இருந்தது என்று எழுதிக் காட்ட முடியாது. அணைத்துவிட்டு இன்னொரு தடவை திருப்பினேன். சும்மா, அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான்.

சிறிய பாத்திரத்தில் பாலை வைத்தேன். மோசஸ் ஏஜென்சி கார்டில் கனெக்ஷன் விவரம் எழுத ஹாலுக்குப் போனார். போகிற போக்கில், "பாலு வழியாம பாத்துக்கோங்கம்மா" என்றார்.

தலையை ஆட்டினேன். ஆட்டினேனே தவிர... நீங்களே சொல்லுங்கள். புது அடுப்பில் முதல் பாலைப் பொங்குவதற்கு முன்னால் இறக்கிய தமிழச்சி யாராவது உண்டா? பால் பொங்கினால்தானே குடும்பம் பொங்கும்? இதில் தமிழச்சியும் கன்னடத்தியும் ஒரே கட்சி. ஜயம்மா, "உக்கலி, உக்கலி!" என்று கைதட்டினாள். பொங்கட்டும், பொங்கட்டும் என்று. பால் எழுந்தது. விளிம்புக்கு வந்தது. நானும் ஜயம்மாவும் கண்ணை மூடிக் கை கூப்பினோம். வெள்ளையாக நுரைத்துக்கொண்டு நாலு பக்கமும் வழிந்து பொங்கியது. அந்தச் சத்தம் காதுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா?

கண்ணைத் திறந்தேன். மணி பத்து இருபத்தேழு. அடுத்தது கற்பூரம். தரையில் இருந்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியையும் எடுத்துவிட்டேன்.

"அண்ணி!"

அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்ப்பதற்குள் என் கையிலிருந்து தீப்பெட்டி பறந்துபோயிற்று. சரசா! என்னைத் தாண்டிப் பாய்ந்து, தீப்பெட்டியைப் பிடுங்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கோலத்தின் நடுவில் நின்றாள். "நெருப்பு இல்ல அண்ணி... அடுப்புல நெருப்பு இல்ல. நாத்தம் வருது!"

நாங்கள் இருவரும் சாமிக்காகக் கண்ணை மூடியிருந்தோம். நெருப்பைப் பார்த்தால் இமைக்கவே பயப்படுகிற ஒருத்தி மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பொங்கிய பால் பர்னரையும் அணைத்துவிட்டது, நடுவில் இருந்த குட்டிச் சுடரையும் அணைத்துவிட்டது. காஸ் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

நான் பேச வாயைத் திறந்தேன். அந்த நொடியில் அடுப்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது.

'டக்.'

பெட்டி பூட்டினாற்போல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மோசஸ் ஓடி வந்தார். சிலிண்டரை மூடினார். ஜன்னலையும் பின்கதவையும் திறந்துவிட்டார். எங்களை ஹாலுக்கு அனுப்பிவிட்டு முறத்தை எடுத்துத் தரையோடு தரையாகக் காற்றை வெளியே தள்ளினார். இந்த காஸ் மேலே போகாதாம், கனமானதாம், தரையில்தான் படுக்குமாம். தரை! நான் கற்பூரத் தட்டை வைத்திருந்தது எங்கே? தரையில். நான் உட்கார்ந்திருந்தது? அதே தரையில், பாலியெஸ்டர் புடவையோடு.

"அந்த டக் சத்தம் என்னங்க?" என்றாள் சரசா. இன்னும் தீப்பெட்டி அவள் கையில்தான் இருந்தது.

"அதான் சிஸ்டர் அந்தச் செம்புக் குச்சி. சுடர் சுடற வரைக்கும் அதுல துளியூண்டு கரண்டு வரும். அந்தக் கரண்டு கதவைப் பிடிச்சு நிக்கும். சுடர் போச்சா, சூடு போச்சு. சூடு போச்சா, கரண்டு போச்சு. கதவு தானா மூடிக்கும். கொஞ்ச நேரம் ஆவும், ஆனா மூடாம இருக்காது. நாம மறந்தாலும் அது மறக்காது."

"நாடா கட்டியிருந்தா?" இதைக் கேட்டது நான்தான். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது.

மோசஸ் என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "கதவு மூடியிருக்காதும்மா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்த அடுப்பைப் பார்த்தேன். எனாமல் எல்லாம் பால், குங்குமம் கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. நம்மைக் கெட்டிக்காரர்கள் என்று நம்பிச் செய்த சாமான்கள் வீடு நிறைய இருக்கின்றன. பம்ப் ஸ்டவ்வே அப்படித்தான். எத்தனை பம்ப் அடிக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும் என்று அது நம்புகிறது. ஆனால் இந்த மனுஷி அவசரப்படுவாள், மறந்துபோவாள், பாலைப் பொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள் என்று எங்கேயோ கடல் தாண்டி ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறாரே! என் முகம்கூடத் தெரியாது அவருக்கு. என்னைத் திட்டாமல், என் அசட்டுத்தனத்துக்கும் சேர்த்து ஒரு செம்புக் குச்சியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அந்த இடத்திலேயே ஒரு கும்பிடு போட்டேன். கண்ணைத் திறந்தபடிதான்.

காற்று எல்லாம் போய், நாற்றம் போய், பர்னரைத் துடைத்து முடிக்கும்போது மணி பத்தே முக்கால். "மறுபடி ஏத்திப் பாத்துட்டுப் போயிடறேன். யாரு வர்றீங்க?" என்றார் மோசஸ்.

"ஈக பேடா! ராகு கால!" என்று ஜயம்மா பதறினாள். இப்போது வேண்டாமாம். எனக்கும் கை வரவில்லை. உண்மையைச் சொன்னால் ராகு காலத்துக்காக இல்லை, பயத்துக்காக.

"நான் ஏத்தறேன்" என்றாள் சரசா.

அவள் முழுக்கையை மேலே மடித்துவிட்டுக்கொண்டாள். மூன்று வருஷமாக வெளிச்சம் படாத கை. இடது கையால் சிவப்பு பட்டனை அழுத்தப் போனவள் நிறுத்தினாள். முதலில் குச்சி. அதுதான் அவளுக்கு மலை. மோசஸ் உரசிக் கொடுக்க வந்தார். வேண்டாம் என்று தலையசைத்தாள். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவது முறிந்தது. மூன்றாவது பற்றியது. அந்தச் சத்தத்துக்கு அவள் தோள் இரண்டும் தூக்கிப் போட்டன. ஆனால் குச்சியைக் கீழே போடவில்லை.

பட்டனை அழுத்திப் பிடித்துச் சுடரை ஏற்றினாள். எண்ணினாள். நாங்கள் யாரும் கூட எண்ணவில்லை. முப்பது வந்தது. விடவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு... மோசஸ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அறுபது வரை எண்ணிவிட்டுத்தான் விட்டாள்.

சுடர் நின்றது.

"போதுமா?" என்றாள்.

"போதும் சிஸ்டர். ரெண்டு நாளைக்குத் தாங்கும்" என்றார் மோசஸ். அப்போது சிரித்தாள் பாருங்கள்... ஜயம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை, எனக்குக் கை ஓடவில்லை.

அன்று சாயங்காலம் சரசா எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். டிகாக்ஷன் தண்ணீர், சர்க்கரை தூக்கல். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். திங்கட்கிழமை அவள் ஆபீஸுக்குக் கொண்டுபோனது வேறு கடிதம்.

அதற்கப்புறம்தான் எனக்கு ஒரு அடி விழுந்தது. சரசா மெட்ராஸ் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் வீட்டுக்காரர் மோசஸைக் கூட்டிவந்து அடுப்பைக் கழற்றச் சொன்னார். மெட்ராஸில் சிலிண்டருக்கு ஆபீஸிலேயே ஏற்பாடு செய்து தருகிறார்களாம்.

"நம்ம அடுப்பா?" என்றேன்.

"தீப்பெட்டி வேண்டாத அடுப்புன்னு அவளுக்குத்தானே வாங்கினேன்" என்றார், நான் என்னவோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல.

அப்படியா சங்கதி! பதினாலு வருஷ வத்தக்குழம்பும் என் கண் முன்னால் ஓடியது. ஒரு வேளை சாப்பாட்டுக்கு அவரோடு பேசாமல் இருந்தேன். பிறகு நானே பழைய கம்பளியை எடுத்து அடுப்பைச் சுற்றி, செம்புக் குச்சியில் மட்டும் எதுவும் படாதபடி பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்தேன். ரயிலடியில் அழுதேன். பாதி சரசாவுக்காக, பாதி அடுப்புக்காக. பொய் சொல்லத் தெரியாது எனக்கு.

மறுபடி கரி அடுப்பு. புது அடுப்புக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், எப்போது வருமோ. நேற்று இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தபோது சரசாவிடமிருந்து கார்டு வந்தது. டைப் அடித்த கார்டு. சௌக்கியம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாள்:

"புது போர்ஷனில் முதல் பால் என் கையால்தான். கூட இருக்கிறவர்கள் நல்ல நேரம் பார்த்தார்கள். நான்தான் பிடிவாதமாக ராகு காலம் வரை காத்திருந்து ஏற்றினேன், அண்ணி. எனக்கு ராசியான நேரம் அதுதானே?"